உப்பில்லாக் கீரையும் உப்பளத்து நினைவும்: மரக்காணக் கரையை முன்வைத்துத் தமிழ் நாவல் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரியை எட்டுவதற்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் முன்பாக நிலத்தின் நிறம் மாறுகிறது. வயலின் பசுமை பின்தங்க, வானத்தைப் பிரதிபலிக்கும் சதுரப் பாத்திகளும் வெண்குவியல்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. இதுவே மரக்காணம். ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் கழுவேலி என்னும் அகன்ற சதுப்பு ஏரி, இடையே பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி. உப்பு விளைவதற்கு வேண்டிய அனைத்தும் இங்கே இயற்கையாகவே கூடியுள்ளன.

இக்கரை இலக்கியத்தில் இடம்பெற்றது மிகப் பழைய காலத்திலேயாகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. அந்நாட்டின் நெய்தல் நிலத்து ஊராக அது காட்டும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றே அறிஞர் பலர் கொள்வர். கிரேக்க நூலாகிய பெரிப்ளூசு கூறும் சோபட்மா என்னும் துறைமுகத்தையும் இதனோடு இணைத்துப் பேசுவோர் உளர். பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்னும் பெயர் மரக்காணத்துக்கு வடக்கே, ஆலம்பரைக் கோட்டை நிற்கும் கடப்பாக்கம் பகுதியில் இன்றும் ஒரு பேரூராட்சியின் பெயராக வழங்குகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர் ஒரு புலவரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர்ப்பெயர், இன்று பேருந்து நிலையப் பலகையிலும் ஊராட்சி அலுவலக முத்திரையிலும் காணப்படுவது தமிழ்நாட்டில் அடிக்கடி நிகழ்வதன்று.

நத்தத்தனார் தம் சொந்தக் கரையைப் பாடும்போது உப்பைப் பெரிதாகப் பேசவில்லை. எயிற்பட்டினத்தில் அவர் காட்டுவன வேறு. அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய அகில் மரங்கள் ஒட்டகங்கள் உறங்குவதுபோலக் கிடக்கின்றன. அவற்றை விறகாக எரித்து நுளைமகள் கள் வடிக்கிறாள். வந்த பாணனுக்கு அக்கள்ளோடு சுட்ட குழல்மீனும் கிடைக்கிறது. உப்பு அப்பாட்டில் இரண்டு இடங்களில் வருகிறது. அவ்விரு இடங்களே இக்கட்டுரைக்கு வாயில்.

முதலாவது, பாணன் தன் பழைய வறுமையை நினைவுகூரும் இடம். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே நினைவின் மேல் கட்டப்பட்டது. பரிசில் பெற்று மீள்பவன், இன்னும் பெறாதவனுக்குத் தன் கடந்தகாலத்தைச் சொல்லி வழிகாட்டுகிறான். சிறுபாணன் சொல்லும் கடந்தகாலம் ஓர் அடுக்களை. அங்கே குட்டி ஈன்ற நாய், பால் சுரக்க வழியின்றிக் குரைக்கிறது; கூரை சிதைந்திருக்கிறது; சுவரில் கறையான் ஏறியிருக்கிறது. பசியால் மெலிந்த இல்லாள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். புறங்கூறுவோர் கண்ணில் படாதபடி கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். பாணன் எத்தனையோ துன்பங்களைச் சொல்லியிருக்கலாம். உப்பிடாத கீரையும் சாத்திய கதவுமே அவன் நினைவில் நிற்கின்றன. உப்பு விளையும் நாட்டுப் புலவர் ஒருவர், வறுமையின் கடைசி எல்லையைக் காட்ட உப்பின்மையைத் தேர்ந்தார் என்பது கருதத்தக்கது. கடந்தகாலம் ஒரு மனிதனை எவ்வாறு ஆக்கியது என்பதற்கு இதைவிடப் பழைய சான்றை இக்கரையில் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது இடம் கொற்கை. மூவேந்தர் நாட்டையும் சொல்லிவரும்போது, பாண்டியனின் கொற்கைத் துறையில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளோடு வந்த மந்தியொன்றைப் புலவர் காட்டுகிறார். அம்மந்தி உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து, சிப்பிக்குள் முத்தையிட்டுக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. இன்பமான காட்சி. ஆயினும் அப்பிள்ளைக்கு நேற்று என்பது இல்லை. அவன் தந்தைக்கும் இல்லை. சங்கப் பாடல்களில் உமணர் பலமுறை வருவர். மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி ஓட்டுவர். முன்னெச்சரிக்கையாகச் சேமஅச்சு கட்டிச் செல்வர். ஔவையார் ஒரு தலைவனைப் புகழ அச்சேமஅச்சையே உவமையாக்கினார். உமட்டியர் மகள் நெல்லுக்கு நிகர் உப்பு என்று விலைகூறித் தெருவில் நடப்பாள், காண்பவன் மயங்குவான். மயங்கியவனுக்கு நினைவு உண்டு. அவள் என்ன நினைத்தாள் என்பதை எப்பாட்டும் சொல்லவில்லை. அகத்திணையில் தலைமக்களுக்குப் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய மரபு. உமணர்க்கோ பெயரின்மையோடு கடந்தகாலமின்மையும் சேர்ந்துகொண்டது. அவர்கள் நிலக்காட்சியின் கூறுகளாக, கருப்பொருளாக நின்றுவிட்டனர்.

பாணனுக்கு நினைவு உண்டு. உப்பு விற்பவனுக்கு இல்லை. உப்புப் படைப்பவனுக்குத் தமிழ் இலக்கியத்தில் ஒரு கடந்தகாலம் எப்போது கிடைத்தது? இவ்வினாவுக்கு விடைதேட நாவல் வரை வரவேண்டியிருக்கிறது. இடையில் கல்வெட்டுகள் உள்ளன. மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைப் பற்றியும் பேசுகின்றன. ஆனால் கல்வெட்டு, அளத்தின் வருவாயைப் பேசும். அளத்தில் நின்றவனைப் பேசாது.

நாவல் என்னும் வடிவம் தமிழுக்கு 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தோடு வந்தது. பெயருள்ள ஒரு தனிமனிதனுக்குப் பிறப்பு, வளர்ப்பு, தவறு, திருத்தம் என ஒரு தொடர்ச்சியைத் தருவதே அவ்வடிவத்தின் இயல்பு. ஆனால் தொடக்கக்காலத்திலும் அதன்பின் நெடுநாளும், கடந்தகாலம் என்பது கதையின் முடிச்சாகவே பயன்பட்டது. யார் மகன், யார் மகள், மறைந்தவர் யார் என்னும் மர்மங்கள் இறுதியில் அவிழ்க்கப்படும். கல்கியின் பொன்னியின் செல்வனில் நந்தினியின் பிறப்பு மர்மம் அவ்வகையினது. எனினும் கல்கியைக் குறைத்து மதிப்பிடல் பொருந்தாது. வீரபாண்டியனைக் காக்க நந்தினி இரந்து நின்றதும், ஆதித்த கரிகாலன் அவள் கண்முன்னே அவன் தலையைக் கொய்ததும் ஆகிய ஒரே ஒரு நினைவு, அவளுடைய ஒவ்வொரு சொல்லையும் பார்வையையும் இயக்குகிறது. அந்நாவலின் ஆண்கள் பலர் வரலாற்றால் ஆக்கப்பட்டவர்கள். நந்தினி நினைவால் ஆக்கப்பட்டவள். ஐந்து பாகங்களில் அவள் ஒருத்தியே மறக்கவியலாதவளாக நிற்பதற்கு இது காரணமாகலாம்.

கற்பனைக்குப் பிறந்த நந்தினிக்குக் கல்கி விரும்பிய நினைவைத் தர முடிந்தது. நடந்த வாழ்வுடைய ஒருவன், அதிலும் தன் நினைவைத் தானே எழுதிவைத்துவிட்டுப் போன ஒருவன், நாவலுக்குள் வந்தால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு மரக்காணக் கரையிலிருந்து தெற்கே ஒரு பகல் நடைத் தொலைவில் விடை இருக்கிறது.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பத்தில் ஒரு பேரிடி விழுந்தது. அவருடைய மாமன் நயினியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாசியாக இருந்தவர். 1716இல் ஆளுநர் எபேர் ஆட்சியில் கைதாகி, சவுக்கடிக்கும் சிறைக்கும் ஆளாகி, சொத்துகளை இழந்து, 1717இல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை கடல்கடந்து பிரான்சு சென்று முறையிட்டார், ஞானஸ்நானம் பெற்றார், செவாலியே பட்டத்தோடு திரும்பினார், தந்தையின் பெயர் மீட்கப்பட்டது. ஆனால் 1724இல் அவரும் இறந்தார். ஒரு துபாசியின் செல்வம் ஆளுநரின் முகச்சுளிப்பில் எவ்வாறு கரைந்துபோகும் என்பது, அவ்வீட்டுச் சிறுவனுக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருக்கும்.

அச்சிறுவன் வளர்ந்து 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினான். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, கப்பல்களின் வரவு செலவு, அதிசயங்கள் என அனைத்தையும் எழுதுவது நோக்கம். ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். துய்ப்ளேக்சின் எழுச்சி, 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தது, 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது, 1754இல் துய்ப்ளேக்சு திரும்பியழைக்கப்பட்டது, 1756இல் தாமே பதவியிழந்தது எல்லாம் அதில் உள. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்னர் அவர் மறைந்தார். அந்நாட்குறிப்பு 1846இல் கலுவா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சு அதிகாரியால் கண்டறியப்பட்டது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழில் எழுதப்பட்ட நூலைத் தமிழர் பலர் முதலில் ஆங்கிலத்தில் படிக்கவேண்டியிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

நாட்குறிப்பு ஏன் எழுதப்பட்டது என்பதற்கு வணிகத் தேவை, ஐரோப்பியர் வழக்கத்தைப் பின்பற்றல் எனப் பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. நயினியப்பரின் முடிவோடு சேர்த்துப் பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். யார், எந்த நாளில், எந்த நாழிகையில், என்ன சொன்னார் என்று எழுதிவைத்திருப்பவனைப் பொய்ச்சாட்சியால் வீழ்த்துவது எளிதன்று. பிள்ளையின் பக்கங்களில் உரையாடல்கள் வாக்குமூலம்போல நிரல்பட நிற்பதற்கு அக்குடும்ப நினைவும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை. அவ்வாறாயின் அந்நூல் முழுவதும் ஓர் அச்சத்தின் விளைச்சல்.

பிரபஞ்சன் புதுச்சேரியில் 1945இல் பிறந்தவர். அவருடைய மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்னும் இரு நாவல்களும் இந்நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டவை. முன்னது ஆளுநர் துய்மா காலத்தையும், பின்னது துய்ப்ளேக்சு காலத்தையும் சார்ந்தது. வானம் வசப்படும் 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வரலாற்று நாவல் என்றால் வாள்வீச்சும் வேடமாற்றமும் என்றிருந்த பழக்கத்தை இவ்விரு நூல்களும் மாற்றின. தெருவின் நாற்றம், சந்தை விலை, வழக்காடும் முறை, தாசிகளின் வீடு, பஞ்சத்தில் அலையும் குடிகள் ஆகியன முன்னணிக்கு வந்தன. நாட்குறிப்பின் தமிழ் ஓசையும் நாவலின் நடைக்குள் புகுந்தது.

ஆயினும் பாத்திரப் படைப்பில் பிரபஞ்சன் எதிர்கொண்ட இடர் பெரிது. பிள்ளை நிறைய எழுதினார். தன்னைப் பற்றிக் குறைவாகவே வெளிப்படுத்தினார். பிறர் தன்னைப் புகழ்ந்ததை விரிவாக எழுதும் அவர் தாம் கலங்கியதை ஒரு சொல்லில் கடந்துவிடுவார். சோதிடத்தையும் தெய்வச் செயலையும் சொல்லி மனத்தை மூடிக்கொள்வார். எழுதப்பட்ட நினைவு மறைப்பதற்கும் பயன்படும். நாவலாசிரியரின் பணி அந்த மூடியைத் திறப்பது. பிரபஞ்சன் அதைப் பெரும்பாலும் பிள்ளையைச் சுற்றியுள்ள மனிதர்களின் வழியே செய்தார். துபாசியின் அருகில் நிற்கும் ஏவலாள், தாசி, சிப்பாய் ஆகியோர் பேசும்போது, பிள்ளையின் மௌனம் தெளிவாகக் கேட்கிறது. பிள்ளையை நேரே காட்டும் பகுதிகளில் ஆசிரியருக்கு அவர்மீதுள்ள மதிப்பு சற்று மிகுந்துவிடுகிறது என்பதும் உண்மையே. நாட்குறிப்புக்காரரின் சாதிப்பெருமிதமும் கணக்கும் நாட்குறிப்பிலேயே கூர்மையாகத் தெரிகின்றன; நாவலில் அவை மங்குகின்றன.

நாட்குறிப்பு யாருடைய நினைவு? 1745ஆம் ஆண்டில் புதுச்சேரி சம்பாக் கோயிலில், சாதிக் கிறித்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களையும் பிரித்து நின்ற சுவரை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியைப் பிள்ளை குறித்திருக்கிறார். எளியவர் கூட்டமாகத் திரண்டு ஓசை எழுப்பினால் அவருடைய எழுத்தாணிக்குள் வருவர். ஓசையின்றி உழைக்கும் நாள்களில் வரமாட்டார். மரக்காணத்துக்கு வடக்கேயுள்ள ஆலம்பரை அவருக்கு நன்கு தெரிந்த இடம். அங்கே நாணயச்சாலை இருந்தது. 1750இல் முசாபர் சங் அக்கோட்டையைத் துய்ப்ளேக்சுக்கு அளித்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சிதைத்தனர். நாணயமும் கோட்டையும் பேசப்பட்ட அளவுக்கு, அவற்றுக்கிடையே கடல்நீரைப் பாத்தியில் தேக்கியவர் பேசப்படவில்லை.

அவர்கள் எழுத்துக்குள் வந்தது வரிக்கணக்கின் வழியே. 1805ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் உப்பு, கும்பெனியின் தனியுரிமையாயிற்று. விளைத்தவன் அரசு குறித்த விலைக்கு அரசுக்கே தரவேண்டும். அரசு பன்மடங்கு விலையில் விற்கும். புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர்க்குத் திரும்பும் வேளையில், வரியில்லா உப்பு எல்லைதாண்டி வரக்கூடும் என்னும் அச்சம் ஆங்கிலேயர்க்கு. எனவே 1815இல் இலண்டனில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பிரெஞ்சுப் பகுதி உப்பைக் கொள்ளும் உரிமையை ஆங்கிலேயர் பெற்று, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 இலட்சம் சிக்கா ரூபாய் தர இசைந்தனர். பின்னர் 1818இல் மற்றோர் உடன்பாட்டால் அங்கே உப்பு விளைப்பதே நிறுத்தப்பட்டது. இரண்டு ஐரோப்பிய அரசுகள் ஒரு மேசையில் கையெழுத்திட, தலைமுறையாக அளத்தில் நின்ற குடும்பங்கள் தொழிலிழந்தன. அவர்களுள் எவர் பெயரும் அவ்வுடன்படிக்கையில் இல்லை. எல்லைக்கு இப்பால், ஆங்கிலேயர் பகுதியிலிருந்த மரக்காணத்தில் அளங்கள் தொடர்ந்தன. உப்பும் விறகும் சென்னைக்குப் படகேறிச் சென்ற பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி 1877–78இல், தாது வருடப் பஞ்சத்தில் பசித்தவர்களைக் கொண்டு வெட்டப்பட்டது. அவர்கள் வயிற்றின் நினைவு ஓர் ஆளுநரின் பெயரால் வழங்குகிறது.

1930 ஏப்ரலில் தண்டியில் காந்தியடிகளும், அதே மாத இறுதியில் வேதாரண்யத்தில் இராசாசியும் உப்பை அள்ளினர். உப்பு நாடெங்கும் விடுதலையின் அடையாளமாயிற்று. நாமக்கல் கவிஞர் அதற்கு வழிநடைப் பாட்டுத் தந்தார். 1947இல் உப்புவரி ஒழிந்தது. ஆனால் ஒரு பிடி உப்பை ஒருநாள் அள்ளியவர்கள் வரலாற்றில் நின்றனர். அதை நாள்தோறும் வாரிய கைகள் நிற்கவில்லை. இதைத் தியாகிகளின் குறை என்று சொல்லலாகாது. அடையாளமாகிவிட்ட பொருளுக்குப் பின்னால் அதைச் செய்தவன் மறைந்துபோவது வரலாறெங்கும் காணப்படுவதே.

வேதாரண்யம் நிகழ்ந்து 49 ஆண்டுகள் கழிந்தபின், 1979இல், இராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள் வெளிவந்தது. களம் தூத்துக்குடி. நத்தத்தனார் உமணர் பிள்ளையைக் கண்ட கொற்கைக்கு அருகிலேயே, அப்பிள்ளையின் வழிவந்தவர்களுக்கு நாவல் பிறந்தது எனலாம். இராஜம் கிருஷ்ணன் நேரில் சென்று, தொழிலாளரோடு பழகி, செய்தி திரட்டி எழுதுபவர். நீலகிரிப் படகரைக் குறிஞ்சித்தேனிலும், கடற்கரை மீனவரை அலைவாய்க்கரையிலும் அவ்வாறே எழுதினார். கரிப்பு மணிகளில் பொன்னாச்சி என்னும் பெண்ணும் அவள் தம்பி பச்சையும் அளத்துக்குப் புதியவர்களாக வருகின்றனர். வாசகரும் அவர்களோடு சேர்ந்தே அளத்தைக் கற்கவேண்டியிருக்கிறது: வாருபலகை, தட்டுமேடு, பாத்தியிலிருந்து கழிக்கப்படும் நஞ்சுநீர், வெண்மையில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் குத்தும் வெயில், கங்காணியின் வாய்.

இம்மக்களுக்கு நாட்குறிப்பு இல்லை. அவர்களுடைய கடந்தகாலம் எங்கே இருக்கிறது? உடம்பில் இருக்கிறது. பாதத்தின் வெடிப்பில் கரிப்புநீர் இறங்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. முன்தலைமுறையின் மங்கிய கண் அடுத்த தலைமுறைக்கு எதிர்காலமாகத் தெரிகிறது. பட்ட கடனும், கங்காணிக்கு அஞ்சிய அச்சமும் மரபுரிமையாக இறங்குகின்றன. பிள்ளைக்குக் கடந்தகாலம் நூலறையில் இருந்தது, வேண்டும்போது புரட்டினார். பொன்னாச்சிக்கு அது நிற்கும் தரையில் இருக்கிறது, வேண்டாதபோதும் குத்துகிறது.

பிரெஞ்சு நாவலாசிரியர் மார்சல் புரூஸ்து, தேநீரில் நனைத்த ஒரு பண்ணியத்தின் சுவையிலிருந்து மறந்துபோன இளமை முழுவதும் எழுந்துவருவதைக் காட்டினார். 1913 முதல் 1927 வரை வெளிவந்த அப்பெருநாவலைத் தமிழ்த் திறனாய்வாளர் நினைவு பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டுவர். நாவின் சுவை நினைவைத் திறக்கும் என்பது உண்மை. ஆனால் அத்திறப்பு நிகழ ஓய்வான ஒரு பிற்பகலும் ஒரு கோப்பைத் தேநீரும் தேவை. கரிப்பும் ஒரு சுவைதான். அதை நாளெல்லாம் உதட்டில் சுமப்பவருக்கு அது எதையும் திறந்துகாட்டுவதில்லை. ஏனெனில் அது ஒருபோதும் மூடியதில்லை. பாணனின் உப்பில்லாக் கீரை புரூஸ்துக்கு நெருங்கியது: கடந்துபோன துன்பம், சொல்லும்போது கலையாகிறது. பொன்னாச்சியின் கரிப்பு இன்னும் கடந்துபோகவில்லை. கடந்துபோகாத கடந்தகாலத்தை எழுதுவது நாவலுக்கு அரிய வேலை.

இராஜம் கிருஷ்ணன் அதில் முழுவெற்றி பெற்றார் என்று கூறுவது மிகையாகும். திரட்டிய செய்தி சில இடங்களில் பாத்திரத்தின் வாயில் சொற்பொழிவாகிறது. பாத்திரம் தானே நினைக்கவேண்டிய இடத்தில் ஆசிரியர் நினைக்கிறார். சங்கம் வேண்டும், ஒற்றுமை வேண்டும் என்னும் கருத்து சரியானதே. அது பொன்னாச்சியின் நினைவிலிருந்து எழவேண்டுமேயன்றி வெளியிலிருந்து வந்து சேரக்கூடாது. ஆனால் அவர் பேச்சை நிறுத்திக் கையையும் காலையும் காட்டும் பக்கங்கள் வலிமை வாய்ந்தவை. அங்கேதான் உமணர் மகளுக்கு முதன்முறையாக ஒரு நேற்று கிடைக்கிறது. 1995இல் தூத்துக்குடி எழுத்தாளர் ஸ்ரீதர கணேசனின் உப்பு வயல் வந்தபோது இந்நினைவு மற்றொரு படி நகர்ந்தது. வெளியிலிருந்து கேட்டு எழுதுவதற்கும், உள்ளிருந்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தலித் இலக்கியம் தமிழுக்குத் தெளிவாக்கிய காலம் அது. உப்பளத்து வாழ்வைச் சாதியை விட்டுப் பேசுவது அதன்பின் இயலாததாயிற்று.

இவ்விரு நாவல்களும் தூத்துக்குடியைச் சேர்ந்தவை. பிள்ளையின் நாவல்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவை. மரக்காணம் இடையில் கிடக்கிறது. எழுதப்பட்ட நினைவின் எச்சமாக ஆலம்பரையின் செங்கல் மதில் கழிமுகத்தில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அதையும் தாக்கியது. எழுதப்படாத நினைவு அதற்குத் தெற்கே பாத்திகளில் கிடக்கிறது. கவிஞர்கள் இப்பக்கம் வரும்போது பெரும்பாலும் கோட்டையையே பாடுகின்றனர் என்பதையும் குறிப்பிடவேண்டும். இடிபாடு கவிதைக்கு எளிதில் இணங்கும். வாருபலகை அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை.

உப்பளத்தில் நினைவு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய அத்தொழிலின் முறையையே பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகளில் தேங்கிய மழைநீரையும் சேற்றையும் அகற்றி, வரப்புகளைக் கட்டி, தரையைக் காலால் மிதித்து இறுக்குவர். தரை இறுகாவிட்டால் உப்பு மண்ணோடு கலந்து நிறம் கெடும். உப்புநீர் பாத்திக்குப் பாத்தி மாறிச் செறிவேறும். குறித்த பதத்தில் மணி பிடிக்கும். அதற்குமேல் விட்டால் கசப்பு ஏறும். ஆகவே நஞ்சுநீரை உரிய நேரத்தில் வடிக்கவேண்டும். இப்பதத்தை மூத்தவர்கள் கருவியின்றி நிறத்தாலும் நாவாலும் அறிவர். இவ்வறிவு எந்நூலிலும் எழுதப்படாமல் கையிலிருந்து கைக்கு வந்தது. கோடையில் எதிர்பாராத ஒருநாள் மழை பெய்தால், பாத்தியிலுள்ளது முழுவதும் கரைந்து மீண்டும் தொடக்கத்துக்கு வரும். அவ்விழப்பு ஊர்வாயில் ஆண்டுக்கணக்காக நிலைத்துவிடுகிறது: அந்த மழை பெய்த வருடம், இந்தப் புயல் அடித்த வருடம் என்று.

புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த 1761 ஜனவரி முதல் நாளில் இக்கரையைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. முற்றுகையிட்ட கப்பல்கள் பல கவிழ்ந்தன. அச்செய்தி போர்வரலாறுகளில் உள்ளது. அன்றைய மரக்காணத்து அளங்களில் எத்தனை வரப்புகள் உடைந்தன என்பது எவ்வரலாற்றிலும் இல்லை. 263 ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரைகடந்தபோது, மரக்காணத்து அளங்களில் வெள்ளம் புகுந்து பாத்தியும் வரப்பும் தெரியாமல் ஒரே ஏரியாயின. செய்தித்தாள்கள் மூழ்கிய ஏக்கர்களை எழுதின. நீர் வடிந்தபின் அளத்துக்காரர்கள் சேற்றில் இறங்கினர். எது யார் பாத்தி, பழைய வரப்பு எங்கே ஓடியது என்பதை அவ்விடத்து முதியவர்கள் நினைவிலிருந்து சுட்டிக்காட்டினால்தான் அடுத்தவர் மண்வெட்டியை ஊன்ற முடியும். பின்னர் பெண்கள் வரிசையாக நின்று தரையை மிதிக்கத் தொடங்குவர்.